கூட்டம் கூடிய காலாண்டு

தொழில்கடன் பிரிவிலேயே தலை நரைத்துவிட்ட அவளுக்குக் கிளையில் ‘தராசு அக்கா’ என்று பெயர். காலாண்டு முடிந்தால் மைய வங்கி ஒரு கருத்துக்கணிப்பு நடத்தும். கடன் கேட்டு வரும் தொழில்காரர்கள் கூடியிருக்கிறார்களா, குறைந்திருக்கிறார்களா, எதற்காகக் கேட்கிறார்கள்? எல்லா வங்கிகளின் பதிலையும் சேர்த்துத்தான் தொழில் எந்தப் பக்கம் சாய்கிறது என்று மேலே கணிப்பார்கள். கிளையின் பதிலை எழுதுவது அவள் பொறுப்பு.

அந்தக் காலாண்டில் அவள் மேசையை ஆட்கள் ஈயாய் மொய்த்தார்கள். மேலாளருக்கு வாயெல்லாம் பல்.

“தொழில் பிச்சுக்கிட்டுப் போகுது! ‘கூடியிருக்கு, விரிவாக்கத்துக்காக’ன்னு போட்டுடுங்க. மதியத்துக்குள்ள தலைமை அலுவலகத்துக்குப் போயாகணும்.”

அவளுக்கு மனம் ஒப்பவில்லை. மனுவில் புது இயந்திரம் என்று எழுதியிருந்தாலும், வந்தவர்களில் ஒருவர்கூட அதைப் பற்றி வாய் திறக்கவில்லை. “பணம் என்னைக்குக் கைக்கு வரும்?” என்றுதான் துடித்தார்கள். அட்டைப்பெட்டிப் பட்டறை வைத்திருந்த அவள் தம்பியும் புது வெட்டு இயந்திரம் வாங்கக் கடன் கேட்டிருந்தான். உறவு என்பதால் அவன் மனு வேறொருவர் மேசைக்குப் போயிருந்தது.

அன்று காலைதான், வரும் வழியில், அவன் பட்டறையில் நுழைந்திருந்தாள். கூரை முட்ட விற்காத பெட்டிகள். இருந்த இயந்திரமே உறை போட்டு மூடிக் கிடந்தது.

“ஏன்டா, இருக்கறதே தூங்குது. புதுசு எதுக்கு?”

அவன் அவசரமாகக் கதவைச் சாத்தினான். “மெதுவாப் பேசுக்கா. ஆளுங்களுக்குச் சம்பளம் குடுக்கணும். அதுக்குன்னு கேட்டா எவன் தருவான்? ஆர்டர் குடுத்தவன் கைய விரிச்சிட்டான்.”

“பொய் சொல்லி வாங்கினா அதுவே உன்னை விழுங்கிடும்டா. நீயே போய் உண்மையச் சொல்லிடு.”

“எல்லாரும் இதைத்தான் பண்றாங்க. நீ வாயத் தொறந்தா நான் காலி.”

இப்போது அவள் படிவத்தை இழுத்துவைத்துப் பேனாவை எடுத்தாள். ‘கூடியிருக்கிறது’ என்று எழுதினாள். காரணம் என்ற இடத்தில், ‘சரக்குத் தேக்கம், சம்பளச் செலவு’ என்றாள். படித்ததும் மேலாளரின் முகம் கறுத்தது.

“இதைப் பாத்தா மேல கடனையே நிறுத்திடுவாங்க. உங்க தம்பி மனுவும் இதுல அடிபடும், தெரியுமில்ல?”

“தெரியும் சார். அவன் பட்டறையையும் பாத்துட்டுத்தான் வந்தேன். நம்பலைன்னா நீங்களே நாலு பேருக்கு போன் போட்டு, சரக்கு போகுதான்னு மட்டும் கேளுங்க.”

அவர் விறைப்பாக எண்களைச் சுழற்றினார். இரண்டாவது ஆளிடம் பேசும்போதே குரல் இறங்கிவிட்டது. தொலைபேசியை வைத்துவிட்டுப் படிவத்தை அவள் பக்கம் தள்ளினார். “அனுப்பித் தொலைங்க,” என்றார்.

மற்ற கிளைகளும் அதையே எழுதியிருந்தன. பட்டறையை நேரில் பார்க்காமல் இயந்திரக் கடன் கிடையாது என்று மேலிருந்து உத்தரவு வந்தது. கூடவே, பழைய கடனுக்குத் தவணையை நீட்டிக்கொள்ளவும் வழி விட்டார்கள். தம்பியின் மனு திரும்பிப் போனது.

“கூடப்பிறந்தவளே கணிப்புல எழுதிக் குழி பறிச்சிட்டியே,” என்று அவன் தொலைபேசியைத் துண்டித்தான்.

அவன் தன் பழைய கடனின் தவணையை நீட்டிக்கொண்டான். தேங்கிய பெட்டிகளை வந்த விலைக்குத் தள்ளிவிட்டு, ஆட்களை அரை நேரத்துக்காவது வேலையில் வைத்துக்கொண்டான். கிளைக்கு வந்தபோது அவள் மேசைப் பக்கம் திரும்பவே இல்லை.

அடுத்த காலாண்டு முடிவில் அவளே மனம் கேளாமல் அழைத்தாள்.

“தொழில் எப்படிடா போகுது?”

மறுமுனையில் இயந்திரம் ஓடும் சத்தம் மட்டும் கேட்டது. வைத்துவிடுவானோ என்று பயந்தாள்.

“மந்தம்தான்,” என்றான் கடைசியில். “அப்படியே எழுதிக்கோ.”