நான் பிடுங்கி எறிந்த குப்பைமேனி

குப்பைமேனி இலை கசங்கும் பச்சை வாடை வந்தால், இன்றும் என் கைகள் முந்தானைக்குள் ஒளியப் பார்க்கின்றன. அம்மனை நம்பி வந்திருக்கும் சொந்தங்களே, அந்தக் கைகளைப் பற்றித்தான் சொல்ல வந்தேன்.

கொச்சி மட்டாஞ்சேரித் தெருக்களில் ஓடையோரம் பெருக்குவதும் களை பிடுங்குவதும் என் வேலை. போன மழைக்காலத்தில் விரலிடுக்கெல்லாம் சொறி. ஆஸ்பத்திரிக் களிம்பு பூசினேன். அடங்கும், மறுபடி பொங்கும். கையுறை கழற்றாமலே சாயா குடித்தேன். கேட்டவர்களிடம் வெயில் அலர்ஜி என்றேன். கொட்டும் மழையில் வெயில் அலர்ஜி!

அப்போதுதான் மகள் செல்வி பிரசவம் முடிந்து வீட்டுக்கு வந்தாள். பேத்தி அழுதாள். என் கை தானாக நீண்டது. செல்வி குழந்தையை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டாள்.

"தப்பா நெனக்காதம்மா. பிஞ்சு உடம்பு."

அவள் சொன்னது சரி. சரியாக இருந்ததுதான் சுட்டது. மாரியம்மன் முன்னால் கும்பிடக்கூடக் கையெடுக்கவில்லை. முதுகுக்குப் பின்னால் ஒளித்துவைத்து அழுதேன். "தாயே, ஒரு தடவை அவளைத் தூக்க விடு."

மறுநாள் காலை, ஓடையோரம் ஒரு கைப்பிடி குப்பைமேனியைப் பிடுங்கி வண்டியில் எறிந்தேன். கூட வேலை செய்யும் லீலா சேச்சி கத்தினாள்.

"எடி, அத வண்டீல இடாதே! சொறிக்கு மருந்தாணு. கையுறயக் கழட்டு. எனக்கறியாதோ?"

கழற்றினேன். தலை நிமிரவில்லை.

"அம்மன்கிட்ட அழுதியோ?"

"அழுதேன் சேச்சி."

"பின்னே, அவ எத்தன தடவ தரும்? நீ தெனமும் வாரி வண்டீல இடறியே!"

சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வந்தன. எத்தனை காலமாக அந்த வரத்தை வேரோடு பிடுங்கிக் குப்பையில் போட்டேனோ!

சுத்தமான இடத்து இலையாகப் பறித்துக் கழுவி, மஞ்சளும் கல்லுப்பும் சேர்த்து அரைத்துப் பூசினேன். எரிந்தது. காய்ந்ததும் குளித்தேன். வீட்டுத் துணியையெல்லாம் கொதிநீரில் அலசினேன். களிம்பையும் விடவில்லை. மெல்ல மெல்லத் தோல் ஆறியது. டாக்டரே பார்த்துவிட்டு, குழந்தையைத் தொடலாம் என்றார்.

வெட்கம் மட்டும் முழுசாக ஆறவில்லை. கேட்கத் தெரிந்த எனக்குக் குனிந்து பார்க்கத் தெரியவில்லையே. நீங்களும் அம்மனிடம் கேளுங்கள். கேட்டபின் காலடியைப் பாருங்கள்.

செல்வி இடக்கொச்சியிலுள்ள புருஷன் வீட்டுக்குக் கிளம்பிய அன்று, ஆட்டோ வந்து நின்றது. நான் அப்போதும் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டிருந்தேன். அவள் குழந்தையை என் கையில் வைத்துவிட்டு ஏறி உட்கார்ந்தாள். நான் பதறிப்போய்த் திருப்பி நீட்டினேன்.

"இருக்கட்டும்மா. கொஞ்ச நேரம் வச்சிட்டு, அப்புறமா குடு."