காட்டுவாசிகள் என்று அறிவித்தார்கள்

எழுபதுகளின் நடுவில் நடந்தது இது. தூத்துக்குடியில் புதுத் துறைமுகம் திறந்து கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. நான் கடற்கரைச் சாலையில் ஒரு கப்பல் ஏஜென்ட் ஆபீசில் டைப்பிஸ்ட்டாக இருந்தேன். கான்வென்டில் படித்ததால் ஆங்கிலம் ஓரளவு பேச வரும். அதனால் வெளிநாட்டுக் கப்பல்காரர்கள் யார் வந்தாலும் என் மேஜைக்குத்தான் அனுப்பிவிடுவார்கள்.

அப்படி வந்தவர்தான் அந்த இரண்டாம் இன்ஜினியர். கானா நாட்டுக்காரர். நாற்பதைத் தாண்டிய வயது, நெடுநெடுவென்ற உயரம், இஸ்திரி கலையாத வெள்ளைச் சட்டை. உப்பு ஏற்ற வந்த அவர்கள் கப்பலில் இன்ஜின் பழுதாகிவிட்டது. ஏதோ ஒரு பாகம் வெளிநாட்டிலிருந்து வர வேண்டும் என்று வாரக்கணக்கில் துறைமுகத்திலேயே நின்றது. அவரும் நாள் தவறாமல் ஆபீசுக்கு வந்து பாகம் வந்ததா என்று கேட்பார். இல்லை என்றால் நன்றி சொல்லிவிட்டுப் போவார். ஒரு நாள் கூடக் குரலை உயர்த்தியதில்லை.

என் அண்ணனுக்குத் துறைமுகத்தில்தான் தினக்கூலி வேலை. எங்கள் மாதா கோயில் பங்குக் கால்பந்து அணிக்கும் அவன்தான் கேப்டன். சும்மா நிற்கிற கப்பலில் கால்பந்து ஆடத் தெரிந்த ஆட்கள் இருக்கிறார்கள் என்று தெரிந்தால் விடுவானா? சாயங்காலம் ஆனால் அந்தக் கப்பல்காரர்களும் எங்கள் ஊர்ப் பையன்களும் கடற்கரை மைதானத்தில் ஒன்றாக ஆட ஆரம்பித்துவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த இன்ஜினியர் எங்கள் வீட்டுக்கு வருவார். அம்மா வைக்கும் மீன் குழம்பை, கண்ணில் தண்ணீர் வழிய வழியச் சாப்பிடுவார்.

சாப்பிட்டுவிட்டு அவர் பேசுவதெல்லாம் அவர் நாட்டின் பழைய ஆட்டக்காரர்களைப் பற்றித்தான். அவர் இளவட்டமாக இருந்தபோது, வெள்ளைக்காரன் ஆட்சிக் காலத்தில், அவர் நாட்டு அணி கடல் கடந்து இங்கிலாந்துக்கே போய் ஆடியதாம். வெறுங்காலோடு! குளிரில், சேற்றில், பூட்ஸ் போட்டவர்களுக்கு எதிராக. அங்கே பலரும் ஆட்டத்தைப் பார்க்கவில்லை, அவர்களுடைய பாதங்களைத்தான் பார்த்தார்கள் என்றார். அந்த ஆட்களில் சிலரிடம் இவர் ஆட்டம் கற்றவர். அவர்கள் திறந்துவிட்ட வழியில்தான் எங்கள் பிள்ளைகள் ஆடுகிறார்கள், ஆனால் அவர்கள் பேர் யாருக்கும் நினைவில்லை என்று வருத்தப்பட்டார்.

நான் தமிழில் சொல்லச் சொல்ல, அண்ணன் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டான். "ஏளா, கோயில் திருவிழாப் போட்டில அந்தப் பழைய ஆட்டக்காரங்களுக்காக ஒரு ஆட்டம் வச்சா என்ன? ரெண்டு டீமும் வெறுங்காலோட ஆடுவோம். நமக்கு என்ன புதுசா?" என்றான்.

அதை நான் ஆங்கிலத்தில் சொன்னேன். அந்த மனிதர் எழுந்து வந்து அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டார்.

திருவிழாப் போட்டிக் கமிட்டியின் தலைவர் வேறு யாருமல்ல, என் முதலாளிதான். விஷயத்தைச் சொன்னதும் உடனே சம்மதித்தார். விளம்பரத்தை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றார். நல்ல மனிதர் என்று நானும் நம்பினேன்.

ஆட்டத்தன்று மத்தியானம் ஒலிபெருக்கி கட்டிய ஜட்கா வண்டி எங்கள் தெரு வழியே போனது. அம்மா வாசலுக்குப் போனவள் என்னைக் கூப்பிட்டாள். காது கொடுத்துக் கேட்டேன். "வாருங்கள், பாருங்கள்! ஆப்பிரிக்கக் காட்டுவாசிகள் செருப்பில்லாமல் ஆடும் வேடிக்கைப் பந்தாட்டம்! இடைவேளையில் காட்டுவாசிகளின் நடனம்!"

எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. மரியாதை செய்ய நாங்கள் நினைத்த வெறுங்காலையே கேலிக்கூத்தாக்கிவிட்டார்கள்! காட்டுவாசியாம்! கப்பல் இன்ஜினைக் கழற்றி மாட்டத் தெரிந்த மனிதர் காட்டுவாசி. உட்கார்ந்த இடத்திலிருந்து அடுத்தவன் பிழைப்பில் தரகு வாங்குகிறவர் நாகரிகக்காரர்!

மைதானத்துக்கு ஓடினேன். முதலாளி மேடையில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் தப்பட்டையோடு இரண்டு பேர், நடனத்துக்கு அடிப்பதற்காம். "சார், இது என்ன அநியாயம்?" என்று கேட்டேன்.

அவர் சிரித்தார். "கூட்டம் வரணும்லாம்மா? பாரு, எம்புட்டுச் சனம் நிக்குன்னு. அவனுகளுக்குத் தமிழா தெரியப் போவுது?"

இன்றைக்கு நினைத்தாலும் அந்தப் பதில்தான் எனக்கு ஆறவில்லை. புரியாது என்றால் எதையும் சொல்லலாமாம். என் அப்பா தோணியில் கொழும்புக்குப் போய் வந்தவர். அங்கே துறைமுகத்தில் திருட்டுத்தனமாகத் தோணியேறி வந்தவன் என்ற அர்த்தத்தில் 'கள்ளத்தோணி' என்று முகத்துக்கு நேரே சொல்வார்கள். அப்பாவுக்கு அது புரியும். புரிந்தும் பேசாமல் மூட்டையைத் தூக்கிக்கொண்டு வருவார். வீட்டுக்கு வந்து அதைச் சொல்லும்போது அவர் முகம் போகிற போக்கை நான் சின்ன வயதிலிருந்து பார்த்திருக்கிறேன். அந்த ஊர்க்காரர்களைத் திட்டாத வீடு எங்கள் தெருவில் கிடையாது. அதே தெரு இப்போது வேடிக்கை பார்க்கத் திரண்டு நின்றது.

கப்பல்காரர்கள் வந்தார்கள். திருவிழா என்பதால் இன்ஜினியர் டை கட்டி, கோட்டுப் போட்டு வந்திருந்தார். அவரைப் பார்த்ததும் கூட்டத்தின் ஒரு மூலையிலிருந்து குரங்கு மாதிரிச் சத்தம் கிளம்பியது. சிரிப்பு அலை மாதிரி பரவியது. சிரித்தவர்கள் என்ன வெள்ளைவெளேர் என்றா இருந்தார்கள்? எல்லாரும் என்னைப் போல, எங்கள் அண்ணனைப் போல, உப்புக் காற்றிலும் வெயிலிலும் கறுத்தவர்கள்தான்.

ஒலிபெருக்கி மறுபடி அதே அறிவிப்பைப் போட்டது. இன்ஜினியர் என்னிடம் வந்து, என்ன சொல்கிறார்கள் என்று கேட்டார். வேறு ஏதாவது சொல்லிச் சமாளித்திருக்கலாம். ஆனால் அந்தக் குரங்குச் சத்தத்துக்கு அர்த்தம் அவருக்கே தெரிந்துவிட்டது என்பது அவர் கண்ணில் தெரிந்தது. அப்படியே மொழிபெயர்த்துச் சொன்னேன். நடனம் உட்பட.

அவருடன் வந்த இளம் மாலுமிகள் கொதித்துப் போனார்கள். திரும்பிப் போய்விடலாம் என்றார்கள். அண்ணனும் வந்து, "அவங்க போனா நாங்களும் ஆட மாட்டோம்" என்றான். இன்ஜினியர் கோட்டைக் கழற்றி மடித்துக் கையில் வைத்துக்கொண்டார். பிறகு, நாங்கள் போய்விட்டால் இந்த ஜனங்களுக்கு அந்த மைக் சொன்னது மட்டும்தான் தெரிந்திருக்கும் என்றார். நாங்கள் யாருக்காக ஆட வந்தோம் என்று உன்னால் சொல்ல முடியுமா என்று என்னைக் கேட்டார்.

நான் மேடை ஏறினேன். அறிவிப்பாளர் கையிலிருந்து மைக்கை வாங்கினேன் என்று சொல்வதைவிடப் பிடுங்கினேன் என்பதுதான் சரி. முதலாளி பதறி எழுந்தார். "மைக்க வைம்மா. திங்கக்கிழமை ஆபீசுக்கு வரணுமா, வேண்டாமா?"

வீட்டில் நிரந்தரமாக வரும் சம்பளம் என்னுடையதுதான். ஆனால் வாய் நிற்கவில்லை.

"இப்ப சொன்னது அத்தனையும் பொய். இவங்க காட்டுவாசி இல்ல, கப்பல்ல வேல பாக்கிறவங்க. நம்ம வீட்டு ஆம்பிளைங்க மாதிரி. இங்க டான்ஸ் எதுவும் கிடையாது. கொழும்புல நம்ம அப்பன்மார என்ன பேரு சொல்லிக் கூப்பிட்டாவன்னு மறந்து போச்சா? அப்ப வலிச்சுதுலா? இப்ப எப்படிச் சிரிப்பு வருது?"

மீன் விற்கும் அக்கா ஒருத்தி கூடையைக் கீழே வைத்துவிட்டு, "சொல்லுளா! நல்லா உறைக்கிற மாதிரி சொல்லு!" என்று கத்தினாள். அது எனக்குப் போதுமாயிருந்தது. வெறுங்காலோடு கடல் கடந்து போனவர்களின் கதையைச் சொன்னேன். இன்ஜினியரும் மேடைக்கு வந்தார். அந்த ஆட்டக்காரர்களின் பெயர்களை அவர் ஒவ்வொன்றாகச் சொல்ல, நான் மைக்கில் திருப்பிச் சொன்னேன். என் நாக்கில் பாதி பெயர் சரியாக நுழையவில்லை. அவர் பொறுமையாகத் திருத்தினார். முதல் பெயருக்கு அணி ஆட்கள் மட்டும் கை தட்டினார்கள். போகப்போக மைதானம் முழுக்கத் தட்டியது. முழுக்க என்று சொல்வது தப்பு. அந்த மூலையில் சிலர் கடைசி வரை இளித்துக்கொண்டுதான் நின்றார்கள்.

இரண்டு அணியும் வெறுங்காலோடு இறங்கின. கப்பல்காரர்கள்தான் ஜெயித்தார்கள். இன்ஜினியர் பின்வரிசையில் நின்று ஆடினார். அண்ணனை அவர் ஒரு தடவை கூடத் தாண்ட விடவில்லை. கோப்பையைக் கொடுக்க வேண்டிய தலைவர் இடைவேளையிலேயே வீட்டுக்குப் போய்விட்டார். அந்த மீன்கார அக்காவைத்தான் மேடைக்குக் கூப்பிட்டோம். அவள் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு கோப்பையை நீட்டினாள்.

திங்கட்கிழமை எனக்கு வேலை போனது. பொம்பளைப் பிள்ளை மைக்கைப் பிடித்து ஊர் மானத்தை வாங்கிவிட்டது என்பது காரணம். ஊர் மானம் அந்த ஜட்கா வண்டி புறப்பட்ட நேரத்திலேயே போய்விட்டது என்று சொல்லிவிட்டு வந்தேன். எட்டு ஒன்பது மாதம் வீட்டில் கஷ்டம்தான். பிறகு ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை கிடைத்தது. பாகம் வந்து கப்பலும் கிளம்பிவிட்டது.

மறு வருடம் அதே ஆட்டத்துக்கு மைதானம் கேட்டபோது கமிட்டி மறுத்துவிட்டது. அண்ணன் அணி முத்தையாபுரம் பக்கம் ஒரு பொட்டலைச் சுத்தம் செய்து, அங்கே நடத்தியது. ஒவ்வொரு வருடமும் ஆட்டம் தொடங்கும் முன் அந்தப் பெயர்களை உரக்கச் சொல்வார்கள். பையன்கள் வேலை தேடி ஊர் ஊராகப் பிரியும் வரை அது நடந்தது.

சில வருடங்களுக்கு முன் ஒரு விழாவில், கறுப்பின ஆட்டக்காரர்களுக்கு அன்றைக்கே விழா எடுத்த ஊர் எங்கள் ஊர் என்று ஒருவர் மேடையில் பெருமையடித்தார். என் பழைய முதலாளிதான் அதற்கு வழிகாட்டி என்றும் சொன்னார். எழுந்து நின்று நடந்ததைச் சொன்னேன். வயதான காலத்தில் எதற்கு இந்தக் கோபம் என்று பக்கத்தில் இருந்தவர்கள் கையைப் பிடித்து உட்கார வைத்தார்கள்.

கோபம் போகவில்லைதான். ஒரு கூட்டம் ஒருவரைப் பார்த்துச் சிரிக்கும்போது, நான் சிரிக்கவில்லையே என்று சும்மா நிற்பவரையும் எதிரே நிற்கிற மனிதர் அந்தக் கூட்டத்தோடு சேர்த்துத்தான் பார்ப்பார் என்பதை, கோட்டை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு நின்ற அந்த மனிதரின் முகத்திலிருந்து அன்றைக்குத் தெரிந்துகொண்டேன்.