பச்சை வாருக்காக வேலூர் போய் வந்தேன்

எங்கள் ஊர் ஆம்பூர் என்றதும் பிரியாணிக் கடைக்கு வழி கேட்கிறவர்கள் இந்தப் பதிவை மூடிவிடலாம். போன வெள்ளிக்கிழமை நான் வேலூருக்குப் போனது, ஒரு புகைப்படத்தைச் சுவரிலிருந்து இறக்கச் சொல்வதற்காக.

எங்கள் தெருவில் ஷூ கம்பெனிக்குப் போகும் பெண்கள் சிலருக்கு ஒரு தொண்டு நிறுவனம் கேமரா கொடுத்தது. உங்கள் வாழ்க்கையை நீங்களே படமெடுங்கள், மாற்றம் வரும் என்றார்கள். என் தம்பி மகள் மல்லிகா, கம்பெனிக் கழிவறையின் பூட்டிய கதவை எடுத்தாள். சாவி சூப்பர்வைசரிடம் இருக்கும். கெஞ்சித்தான் வாங்க வேண்டும்.

முகம் வேண்டாம், ஆபத்து என்று சொல்லிக் கொடுத்திருந்தார்கள். முகம் இல்லைதான். ஆனால் கதவருகே அவள் வைத்த அப்பர் கட்டு படத்தில் விழுந்துவிட்டது. அப்பர் என்பது ஷூவின் மேல்பாகம். தையல் பிசகினால் தைத்தவளிடமே திரும்பி வர, ஒவ்வொருத்தியும் தன் கட்டை ஒரு நிறத் தோல் வாரால் கட்டுவாள். மல்லிகாவின் வார் பச்சை.

வேலூரில் வைக்கும் கண்காட்சிக்கான அழைப்பிதழ், அவள் படத்தோடு செல்போனில் வந்தபோதுதான் கவனித்தாள். "பெரீப்பா, மூஞ்சி இல்லன்னா இன்னா? பச்ச வாரு இருக்குதே! பாத்த ஒடனே சூப்பர்வைசர் என் பேர சொல்லிடுவான்." நிறுவனத்துக்குப் போன் செய்தாள். பார்க்கிறோம் என்றார்கள். லீவு போட்டால் சந்தேகம் வரும். புருஷன் இல்லாத வீடு, அவள் சம்பளத்தில்தான் அடுப்பு எரிகிறது. நான் கிளம்பினேன்.

ஐம்பது கிலோமீட்டர். எட்டே காலுக்குப் பஸ் ஏறி, ஒன்பதரைக்கு வேலூர் புதிய பஸ் நிலையத்தில் இறங்கினேன்.

"இன்னா பெர்சு, ஆஸ்பத்திரியா?" என்றார் ஆட்டோக்காரர்.

"போட்டோ பாக்க."

"ஒடம்பு நல்லா இருந்தும் வேலூர் வந்த மொத ஆளு நீதான். நூறு குடு."

எண்பதுக்குப் பேசி ஏறினேன்.

ஏசி மண்டபம், பிஸ்கட், டீ. வாசலுக்கு நேர் எதிரே, இருப்பதிலேயே பெரியதாக மல்லிகாவின் படம். பொறுப்பாளர் ஓர் இளைஞர்.

"ஐயா, முகமே தெரியலையே. அவங்க சம்மதிச்சுக் கையெழுத்து போட்டிருக்காங்க."

"போட்டவளே வேணாம்ன்றா. எறக்குப்பா."

"இதுதான் ஐயா ரொம்ப பவர்ஃபுல்லான படம்."

"பவர் உனக்கு. வேல போறது அவளுக்கு."

அவர் விருந்தினரை வரவேற்கப் போய்விட்டார். நான் படத்துக்கு முதுகைக் காட்டிக் கையைக் கட்டிக்கொண்டு, அதை மறைத்து நின்றேன். நகரச் சொன்னார்கள். மாட்டேன் என்றேன். பலர் என்னையே படமெடுத்தார்கள். மாலை மண்டபம் பூட்டும்வரை நின்றுவிட்டு ஊர் திரும்பினேன்.

மறுநாள் நிறுவனத்தின் ஃபேஸ்புக் பக்கத்தில் என் படம் வந்தது. 'தன் மக்களின் கதைக்குக் காவல் நிற்கும் தொழிலாளி' என்று தலைப்பு. என் இடது தோளுக்கு மேல் பச்சை வார். அன்று மாலைக்குள் கம்பெனியில் எல்லார் போனிலும் அது இருந்தது. திங்கட்கிழமை மல்லிகாவை கேட்டிலேயே நிறுத்திவிட்டார்கள்.

நான் நின்றதால்தான் இவ்வளவும் என்கிறது நிறுவனம். நாளைக்கு இப்படி இன்னொன்று நடந்தாலும் நிற்பேன். இறக்கியிருந்தால் நிற்க வேண்டியே இருந்திருக்காது.

போக விரும்புகிறவர்களுக்கு: கண்காட்சி வரும் ஞாயிறுவரை உண்டு, அனுமதி இலவசம். ஆட்டோவுக்கு எண்பதுக்கு மேல் கொடுக்காதீர்கள். கேமரா கொடுக்க யாராவது உங்கள் தெருவுக்கு வந்தால், எடுத்தவர் வேண்டாமென்றால் படத்தை இறக்குவீர்களா என்று முதலில் கேளுங்கள். பதில் வரும்வரை கேமராவைத் தொடாதீர்கள்.

மாற்றம் வரும் என்றார்களே, வந்தது. பச்சை வாரை இப்போது வேறொருத்தி கட்டுகிறாள். கழிவறைச் சாவி அதே ஆளிடம்தான் இருக்கிறது.