பெட்டியைத் திறக்காதவன்

கள்ளக்குறிச்சிக் கடைவீதியில், ஒரு பாத்திரக் கடையின் மாடியில், நாங்கள் நாலு பேர் சனிக்கிழமைச் சாயங்காலங்களில் ஆடிய எந்த ஆட்டத்திலும் பகடை கிடையாது. ரயில் பாதை போடுகிற ஆட்டம் உண்டு. ஓடு பதிக்கிற ஆட்டம் உண்டு. காடு வளர்க்கிற ஆட்டம் உண்டு. ஒரு ஊரையே கட்டி எழுப்பிவிட்டுக் கடைசிச் செங்கல் இல்லாமல் தோற்றுப்போகிற ஆட்டமும் உண்டு. பகடை மட்டும் இல்லை. எங்களில் ஒருவரும் கடைக்காரருமான சின்ன பாயின் வீட்டில் அது விலக்கு. காசு வைத்து உருட்டினாலும் விலக்கு, சும்மா உருட்டினாலும் விலக்கு. மாடிச் சாவியைக் கொடுத்தபோது அவருடைய அண்ணன், ஊரே பெரிய பாய் என்று கூப்பிடுகிறவர், அதிகம் பேசவில்லை. காசு கூடாது, பகடை கூடாது என்றார். சின்ன பாய் வாக்குக் கொடுத்தார். அந்த வாக்கின் மேல்தான் நாங்கள் ஜமக்காளம் விரித்து உட்கார்ந்திருந்தோம்.

அதனால் போர்டு கேம் வாங்குவது எங்களுக்குப் பெண் பார்க்கிற காரியத்தைவிடப் பெரிது. பெட்டிப் படம் பிடித்திருக்கும், கட்டைகள் பிடித்திருக்கும், விலைக்கு நாலு பேரும் பங்கு போட்டிருப்போம். அப்போதும் யாராவது ஒருவர் கேட்டே தீருவார்: "அது இருக்குதா?" அது என்றால் அதுதான். பேர்கூடச் சொல்ல மாட்டோம்.

நாலு பேரில் டீச்சருக்குக் கல்வராயன் மலைமேல் பள்ளிக்கூடம். கச்சிராயபாளையம் வழியாக இறங்குகிற பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வந்து, கைப்பையைச் சுவரோரம் எறிந்துவிட்டு, மூச்சு வாங்குவதற்குள் எங்களைத் தோற்கடிக்கிறவர். குமாஸ்தாவுக்கு ஒரு வக்கீலிடம் வேலை. ஒவ்வொரு காயையும் வாய்தா வாங்கி வாங்கித்தான் நகர்த்துவார். எனக்குத் தாலுகா ஆபீசுக்கு எதிரே ஜெராக்ஸ் கடை. நான் எழுதவும் செய்வேன் என்பது தெரிந்துபோனதால் என் பெயரே மறைந்து 'கவிஞரே' என்றாகியிருந்தது. மோசமாக ஆடினேன் என்றால் அந்த 'ரே' இன்னும் கொஞ்சம் நீளும்.

அவை உள் ஒதுக்கீட்டுப் போராட்டம் நடந்த வருடங்கள். விடிந்தால் மனு, மத்தியானம் ஊர்வலம், சாயங்காலம் கூட்டம். என் மெஷினின் கண்ணாடிமேல் ஊரிலுள்ள எல்லாச் சாதியும் முகம் கவிழ்ந்து படுத்து எழுந்தது. எல்லாவற்றுக்கும் ஒரே வெளிச்சம், ஒரே மை. வெளியே வந்ததும் ஒவ்வொரு தாளும் மற்ற தாளை முறைத்தது. குமாஸ்தாவின் ஆட்கள் பங்கு கேட்டார்கள். டீச்சரின் ஆட்கள் எண்ணிக்கையில் சின்னவர்கள், அந்தப் பங்கு தங்கள் தட்டிலிருந்துதான் போகும் என்று பயந்தார்கள். இரண்டு பேர் வீட்டிலும் பன்னிரண்டாவது படிக்கிற பிள்ளை. மாடியில் அந்தப் பேச்சு எடுக்கக் கூடாது என்று வைத்திருந்தோம். எடுக்கவில்லை. ஆனால் சில வாரங்கள் டீச்சர் என்னைப் பார்த்து, "கவிஞரே, அவர அந்தப் பச்சைக் கட்டைய நகத்தச் சொல்லுங்க" என்பார். ஒரு முழம் தள்ளி உட்கார்ந்திருக்கும் குமாஸ்தாவும், நகர்த்தியாகிவிட்டது என்று என்னிடமே சொல்லி அனுப்புவார்.

வீடியோவில் ஆட்ட விமர்சனம் செய்கிறவர்களைப் பற்றி எனக்கு அப்போதே நல்ல எண்ணம் இல்லை. வெளிநாட்டுக்காரன் ஒருவன் இரண்டு மணி நேரம் பேசுவான், அதில் பாதி அவன் வீட்டு மேசையைப் பற்றி. இன்னொருவனுக்கு வருகிற பெட்டி எல்லாமே உலகத்தில் இல்லாத அற்புதம், மறுவாரம் அடுத்த அற்புதம் வந்ததும் பழையதின் பேர்கூட நினைவிருக்காது. ஒரு ஆட்டத்தில் தோற்றவனுக்குத்தான் அதைப் பற்றிப் பேச வாய் உண்டு என்பது என் கட்சி. தோற்ற பிறகுதான் அந்த ஆட்டம் நியாயமானதா இல்லையா என்று வயிறு சொல்லும்.

சென்னையில் ஒரு இளைஞன் தமிழிலேயே சேனல் நடத்தினான். நம் பாஷையில் சொல்கிறானே என்று நாங்களும் விழுந்தோம். முதுகுக்குப் பின்னால் சுவர் முழுக்கப் பெட்டிகள். அதில் பாதிக்கு மேல் பிளாஸ்டிக் உறையே பிரிக்கவில்லை என்று டீச்சர் ஒருநாள் காட்டினார். சிரித்துவிட்டு விட்டுவிட்டோம். அன்றைக்கே யோசித்திருக்க வேண்டும். அலமாரியில் அரிசி மூட்டை கட்டு அவிழாமல் இருக்கிற வீட்டில் சோறு எப்படி என்று கேட்பார்களா?

அவன் ஒரு கப்பல் ஆட்டத்தைப் புகழ்ந்தான். மிளகும் ஏலமும் ஏற்றிக்கொண்டு துறைமுகம் துறைமுகமாகப் போகிற ஆட்டம். மேசைமேல் பெட்டியை நிறுத்தி, தடவி, திருப்பி, பின்பக்கத்துப் படத்தைக் காட்டி, பத்துக்கு ஒன்பது கொடுத்தான். பெட்டிக்குள் இருப்பதைக் காட்டவில்லை. குமாஸ்தா தன் பேரும் ஊர்ப் பேரும் இருக்கிற கணக்கிலிருந்து அந்த வீடியோவின் கீழே மரியாதையாகக் கேட்டார்: இதில் பகடை உண்டா, எங்களுக்கு அது ஆகாது. பதில் உடனே வந்தது, ஒரு சிவப்பு இதயத்தோடு. இல்லவே இல்ல ப்ரோ, ஃபுல்லா மூளைதான். சின்ன பாய் அந்த வரியைப் பார்த்துப் பார்த்து மகிழ்ந்தார். அவருக்குக் கடல் பிடிக்கும். வாங்கினோம்.

பெட்டி உளுந்தூர்பேட்டையில் மாட்டிக்கொண்டது. மறியலால் ரோட்டில் வண்டி போகவில்லை, பஸ் நின்றுவிட்டது, கூரியர் ஆள் போனை எடுப்பதையே நிறுத்திவிட்டார். அது வந்து சேர்ந்த சனிக்கிழமையும் ஊர்வலம். கடைவீதி முழுக்க ஷட்டர்கள் பாதிக்கு இறங்கிக் கிடந்தன. குமாஸ்தா ஊர்வலத்தில் கொஞ்ச தூரம் நடந்துவிட்டு, தோள் துண்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு மாடிக்கு வந்தார். டீச்சர் பாதி வழி நடந்தும் பாதி வழி யாரோ ஒருவரின் மொபெட்டிலுமாக வந்தார். வியாபாரம் இல்லாத பெரிய பாய் கீழே அண்டாக்களுக்கு நடுவில் உட்கார்ந்து சலித்துப்போய், நாங்கள் என்னதான் செய்கிறோம் என்று பார்க்க முதல்முறையாகப் படியேறினார்.

சின்ன பாய்க்குக் கால் தரையில் இல்லை. அண்ணன் பார்க்க வேண்டும் என்று எத்தனை நாள் ஆசை. ஆட்டம் என்றால் சூது இல்லை, அறிவு என்று அவருக்கு மட்டும் நிரூபித்துவிட்டால் போதும்.

"வாங்கண்ணே. ஒங்க கையாலயே தொறங்க."

பெரிய பாய் கைலியை ஒதுக்கி உட்கார்ந்தார். பிளாஸ்டிக்கை நகத்தால் கீறினார். மூடியைத் தூக்கினார். மேலே சின்னச் சின்னக் கப்பல்கள், நிஜமாகவே அழகு, ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பார்த்துச் சிரித்தார். பிறகு அடுத்த தட்டைச் சாய்த்தார். ஒரு துணிப்பை நழுவி, வாய் திறந்து, நீலப் பகடைகள் ஜமக்காளத்தில் உருண்டு ஓடின. ஒன்று அவர் முழங்காலில் முட்டி நின்றது. காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்பதைப் பகடை சொல்லுமாம், விதிப் புத்தகத்தின் முதல் பக்கத்திலேயே போட்டிருந்தது.

வெளியே ஊர்வலத்தின் மைக் மட்டும் பேசிக்கொண்டிருந்தது. பெரிய பாய் பகடையைத் தொடவில்லை. முழங்காலை மட்டும் நகர்த்திக்கொண்டார். அவர் கத்தியிருந்தால் தேவலை.

"நீ என்னைய ஏமாத்தினியா, இல்ல ஏமாந்தியா?" என்று தம்பியைக் கேட்டார்.

"ஏமாந்துட்டேண்ணே."

"யாரு சொன்னது இல்லைன்னு?"

"ஒரு தம்பி. வீடியோ போடறவரு."

"வெளாண்டு பாத்துட்டு சொன்னானா?"

சின்ன பாய் எங்களைப் பார்த்தார். நாங்கள் கப்பல்களைப் பார்த்தோம்.

"ரெண்டுல எதுன்னு எனக்குத் தெரியற வரைக்கும் சாவி எங்கிட்ட இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் பெரிய பாய் இறங்கிப் போனார். சின்ன பாயின் முகத்தை நான் அன்றைக்குப் பார்த்ததுபோல் அதற்கு முன் பார்த்ததில்லை. மாடி போனால் போகட்டும் என்றார் அவர். ஒரே கல்லாவில் எதிரெதிரே உட்கார்கிறோம், அண்ணன் மனசில் நான் பொய்யனாக உட்கார முடியாது என்றார். பகடையைத் தூக்கி எறிந்துவிட்டுச் சீட்டு எழுதிக் குலுக்கிப் போடலாமே என்று நான் ஏதோ உளறினேன். அவர் காதில் வாங்கவில்லை.

சாட்சி இருந்தது, அந்த இதயம் போட்ட பதில். ஆனால் அதைக் காட்டுவதற்கு முன்பே குமாஸ்தா அவசரப்பட்டு அதன் கீழே எழுதிவிட்டார்: தம்பி, இதில் பகடை இருக்கிறது, தவறாகச் சொல்லிவிட்டீர்கள், ஒரு வரி திருத்தம் போட்டால் எங்கள் நண்பருக்கு உதவியாக இருக்கும். சட்டம் படித்த வக்கீலிடம் இத்தனை வருடம் வேலை செய்தவர், சாட்சியைக் கைப்பற்றாமல் எதிராளிக்கு நோட்டீஸ் கொடுத்துவிட்டார். ராத்திரிக்குள் பதிலும் இல்லை, கேள்வியும் இல்லை, திருத்தமும் இல்லை. துடைத்த ஸ்லேட்டு.

மறுநாள் அவன் நேரலையில் வந்தான். ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு என் ஜெராக்ஸ் கடையில் நாலு பேரும் ஒரே போனில் பார்த்தோம். எங்கள் கேள்வியை அவனே எடுத்தான், சிரித்துக்கொண்டே எடுத்தான். ஒருத்தர் ஊரில் டைஸைப் பார்த்தால் பேயைப் பார்த்தமாதிரி ஓடுகிறார்கள் மக்களே என்றான். ஆமாம், டைஸ் இல்லை என்று பதில் போட்டது நான்தான், பெட்டிக்குப் பின்னால் படத்தில் இல்லை, அதான் சொன்னேன், ஒவ்வொன்றையும் பிரித்து உட்கார்ந்து ஆடிப் பார்த்துக்கொண்டிருந்தால் வீடியோ யார் போடுவது என்றான். பிறகு குமாஸ்தாவின் பேரை ஊரோடு சேர்த்து வாசித்தான்.

"கள்ளக்குறிச்சியா? மொதல்ல ரோட்ல வெட்டிப் போட்ட மரத்த எடுங்க ப்ரோ. அப்புறம் டைஸ எடுக்கலாம்."

சிரிக்கிற மஞ்சள் முகங்கள் கொத்துக் கொத்தாக மேலே ஏறின. எங்கெங்கோ இருக்கிறவர்கள், எங்கள் ஊருக்கு எந்தப் பஸ் ஏற வேண்டும் என்றுகூடத் தெரியாதவர்கள், சிரித்தார்கள். அந்தப் போராட்டத்தில் ஒரு மரம் விழுந்ததை நான் பார்க்கவில்லை. ரோட்டை மறிக்க மரம் விழுந்தது அதற்குப் பல காலம் முன்பு, அவன் பிறப்பதற்கும் முன்பு, குமாஸ்தாவின் ஆட்கள் முதல்முறை பங்கு கேட்டு எழுந்தபோது. அப்போது போலீஸ் அடித்த அடியில் குமாஸ்தாவின் அப்பாவுக்கு ஒரு காது போனது. மிச்சக் காதோடு கடைசிவரை கரும்பு வெட்டினார் அந்த மனிதர். ஒரு பெட்டியைத் திறக்கச் சோம்பல்பட்டவன், அந்தக் காதைக் காலால் எத்திவிட்டுப் போகிறான்.

முதலில் வெடித்தது டீச்சர். வாரக்கணக்கில் குமாஸ்தாவிடம் நேராகப் பேசாதவர் அவர் பக்கமே திரும்பி, "இன்னா சும்மா ஒக்காந்துகினு கீறீங்க? அவன் யாரு ஒங்கள பேசறதுக்கு? ஒங்க கூட சண்ட போடறதுன்னா நான் போடறேன், எனக்கு ஞாயம் கீது" என்றார். குமாஸ்தா தலையை ஆட்டினார். அவ்வளவுதான்.

அந்த நேரலை சேனலில் அப்படியே கிடந்தது. அதை அழிக்க அவனுக்குத் தோன்றவில்லை. வெட்கப்பட அதில் ஒன்றும் இருப்பதாகவே அவனுக்குத் தெரியவில்லை. ஆக, சின்ன பாய் பொய் சொல்லவில்லை என்பதற்கு உலகத்தில் மிஞ்சிய ஒரே சாட்சி, குமாஸ்தாவைக் கேவலப்படுத்திய அந்த வீடியோ. சின்ன பாய்க்கும் இது புரிந்தது. போனைக் கவிழ்த்து வைத்தார்.

"இத எங்கண்ணன்கிட்ட காட்ட மாட்டேன். சாவியும் வேணாம், ஒண்ணும் வேணாம். ஒன்ன பேசினது இதுல கீது."

"பேச்சு வாங்கறது எனக்கு இன்னா புதுசா பாய்?" என்றார் குமாஸ்தா. "ஒனக்கு சாட்சி அதுதான். காட்டு. நானும் கூட வரேன்."

திங்கட்கிழமை காலை, பெரிய பாய் கல்லாவில் கண்ணாடியை மாட்டிக்கொண்டு முழுவதும் பார்த்தார். சிரிப்பு, பேய், பெட்டிப் படம், மரம், எல்லாம். எவர்சில்வர் குடங்களில் அவன் குரல் மோதி மோதித் திரும்பியது. முடிந்ததும் போனைத் தம்பியிடம் கொடுக்காமல் குமாஸ்தாவிடம் நீட்டினார்.

"மரம்னு சொல்றானே, யாரச் சொல்றான்?"

"எங்கப்பாவ" என்றார் குமாஸ்தா.

பெரிய பாய் கண்ணாடியைக் கழற்றித் துண்டில் துடைத்தார். துடைத்த பிறகும் மாட்டிக்கொள்ளவில்லை. "ஏமாந்துட்டான்" என்று தம்பியைக் காட்டிச் சொன்னார், யாரோ மூன்றாம் மனிதரிடம் தீர்ப்புச் சொல்வதுபோல். இழுப்பறையைத் திறந்து சாவியை எடுத்துக் குமாஸ்தாவின் உள்ளங்கையில் வைத்தார். "நீ வெச்சிக்கப்பா. இவங்கிட்ட குடுத்தா எவன் இன்னா சொன்னாலும் நம்பிடுவான்."

சின்ன பாய் சிரித்தார். சிரித்துக்கொண்டே குடங்களுக்குப் பின்னால் போய் ரொம்ப நேரம் எதையோ அடுக்கினார்.

அடுத்த சனிக்கிழமை குமாஸ்தா கதவைத் திறந்தார், பழைய ரயில் பாதை ஆட்டத்தை விரித்தோம். டீச்சர் மறுபடி என் மூலமாகவே பேச ஆரம்பித்தார். அவர்கள் சண்டை அவர்களுடையது, அதற்குக் காரணம் இருந்தது, அந்தக் காரணத்தில் பிள்ளைகள் இருந்தார்கள். எல்லாருக்கும் ஆறிவிட்டது, எனக்குத்தான் ஆறவில்லை. பெட்டியை வாங்கிய இடத்தில் திரும்ப எடுக்க மாட்டோம் என்றுவிட்டார்கள், அது என் கடையில் தாள் கட்டுகளுக்கு மேலே கிடக்கிறது. அவன் சேனல் இப்போது இன்னும் பெரிதாகிவிட்டது. அவன் முதுகுக்குப் பின்னால் இன்னொரு சுவர் வந்திருக்கிறது, அதிலும் பிளாஸ்டிக் பளபளக்கிறது. கோபம் எழுத்துக்கு ஆகாது என்று தெரிந்தவர்கள் சொல்கிறார்கள். ஆகாவிட்டால் போகட்டும். சின்ன பாயைப்போல் எந்த ஊரிலோ எந்த மாடியிலோ யாரோ ஒருவர் வாக்குக் கொடுத்துவிட்டு அந்தக் கப்பல் வீடியோவைப் பார்த்துக்கொண்டிருப்பார். அதனால் மெஷின் சூடேறுகிற நேரத்தில் அதன் கீழே போய் ஒரே ஒரு வரி எழுதுவேன்: 'இதில் பகடை இருக்கிறது.' அவன் அழிப்பான். மறுபடி எழுதுவேன். என்னைத் தடுத்துவிட்டான், மனைவியின் கணக்கிலிருந்து எழுதினேன். அதையும் தடுத்தான். இப்போது என் மகள் ஒன்று ஆரம்பித்துக் கொடுத்திருக்கிறாள். நேற்றும் போட்டேன்.