அமீபா வீட்டு விருந்தாளி

எனக்குக் கல்யாணத்துக்கு முன்பே ஒரு காதல் இருந்தது என்று என் கணவர் தன் மெஸ்ஸுக்குச் சாப்பிட வருகிறவர்களிடம் சொல்லுவார். ஆள் யாரென்று கேட்டால், காலரா கிருமி என்பார். எல்லோரும் சிரிப்பார்கள். நான் மறுத்ததில்லை. எறணாகுளத்தில் ஓர் ஆய்வகத்தில், காயல் தண்ணீரில் வாழும் கண்ணுக்குத் தெரியாத உயிர்களைப் பார்ப்பதுதான் என் வேலை. அவற்றில் இந்தக் கிருமியைப் போல என்னை மலைக்க வைத்தது வேறொன்றும் இல்லை.

அமீபாவின் பிழைப்பே கிருமிகளைத் தின்பதுதான். ஊர்ந்து போகிற வழியில் அகப்பட்டதையெல்லாம் வளைத்து உள்ளே இழுத்துச் செரித்துவிடும். காலரா கிருமியோ உள்ளே போய்ச் சாகாமல் குடித்தனம் ஆரம்பிக்கிறது. உடம்பில் சேரும் மிகைநீரை வெளியே தள்ள அமீபாவுக்கு ஒரு சின்னப் பை உண்டு. கிருமி அதில் இடம்பிடித்துப் பெருகி, பிறகு தண்ணீரோடு தண்ணீராக வெளியே வருகிறது. காலம் கெட்டுப்போனால் அமீபா தன்னைச் சுற்றி ஓடு கட்டிக்கொண்டு முடங்கும். அந்த ஓட்டுக்குள்ளும் இது கூடவே படுத்திருக்கும். பச்சையாக ஒளிரும்படி மாற்றிய கிருமிகளை முதன்முதலாக அமீபாவுக்குள் பார்த்த அன்று நான் ஆய்வகத்தில் வாய்விட்டுச் சிரித்தேன். தின்ன வந்தவன் வீட்டிலேயே தங்கிச் சாப்பிடுகிற சாமர்த்தியம் யாருக்கு வரும்!

எங்கள் மெஸ் காயலுக்கு அக்கரையில் மட்டாஞ்சேரியில், யூதர்கள் வாழ்ந்த ஜூ டவுனுக்குப் போகும் வழியில், சுக்குக் குடோன்களுக்கு நடுவே இருக்கிறது. குடோன்களில் வேலை செய்யும் தமிழ்நாட்டுக்காரர்கள்தான் எங்களுக்குச் சோறு போடுகிறவர்கள். இந்த ஊர் வழக்கப்படி மேசையில் வைப்பது பதிமுகக் கட்டையைப் போட்டுக் கொதிக்க வைத்த தண்ணீர். கட்டையின் சாயம் இறங்கி இளஞ்சிவப்பாக இருக்கும். அந்த நிறத்தைப் பார்த்துவிட்டால் பிறகு யாரும் தண்ணீரைப் பற்றிக் கேட்க மாட்டார்கள். தன் கடையில் சாப்பிட்டு ஒருவருக்கும் வயிறு வலித்ததில்லை என்பது என் கணவருக்குப் பெரிய பெருமை.

போன கோடையில், தேனிப் பக்கத்திலிருந்து வந்து சுக்கு தரம் பிரிக்கிற ஒருவர் வாந்தியும் பேதியுமாக ஆஸ்பத்திரியில் விழுந்தார். காலரா என்று சொன்னார்கள். அவர் எங்களிடமே சாப்பிடுகிறவர். சுகாதாரத் துறையினர் வந்து மெஸ்ஸை மூடச் சொல்லி, தண்ணீரைச் சோதனைக்கு எடுத்துப் போனார்கள்.

மூடியதுகூட என் கணவரைப் பாதிக்கவில்லை. ஒரே கேள்விதான் அவரை அரித்தது. தண்ணீரை இந்த ஊர்க்காரர்களைப் போல வெள்ளம் என்றுதான் சொல்லுவார்.

"என் வெள்ளமா அவனைப் படுக்க வெச்சது?"

"கொதிக்க வெச்சதுதானே, எப்படி வரும்?" என்றேன். காலையில் அண்டா தளதளவென்று கொதிப்பதை நானே பார்த்திருக்கிறேன்.

"பின்ன! நல்லா கொதிச்ச வெள்ளம். மத்தியானக் கூட்டத் திரக்குல ஆறவைக்க நேரமில்ல, சூட்டுல வாய் பொள்ளும்னு கொஞ்சம் பச்சவெள்ளம் சேத்து எளஞ்சூடாக்குவேன். அவ்ளோதான்."

உப்புப் போடுவதைச் சொல்கிற மாதிரி சாதாரணமாகச் சொன்னார். எனக்குப் பகீரென்றது. குழாயில் தண்ணீர் வராத நாட்களுக்காக லாரித் தண்ணீரைப் பிடித்து வைக்கும் பிளாஸ்டிக் டிரம்மிலிருந்துதான் அந்தப் பச்சைத் தண்ணீர். எவ்வளவு கலந்தாலும் சிவப்பு சிவப்பாகவே இருந்திருக்கிறது.

சோதனை முடிவு வந்தது. தண்ணீரில் காலரா கிருமி வளரவில்லை. மெஸ்ஸைத் திறந்துகொள்ளலாம். அவர் முகம் மலர்ந்ததைப் பார்த்தபோது பேசாமல் இருந்துவிடலாமா என்று தோன்றியது. ஆனால் என் ஆளை, அந்தக் கிருமியை, எனக்குத் தெரியும். பசியிலும் நெருக்கடியிலும் அது சுருங்கி ஒடுங்கிவிடும். அப்போது சோதனைத் தட்டில் விதைத்தால் வளராது. அதற்காகச் செத்துவிட்டது என்று அர்த்தமில்லை.

"வளரலைன்னா இல்லைன்னு ஆகாது," என்றேன்.

"லாரிக்காரன் குளோரின் போட்டதுதானே?"

"அமீபாக்குள்ள இருந்தா குளோரின் அவ்வளவு சுலபமா தொடாது."

அவர் நம்பவில்லை. டிரம்மின் உட்சுவரில் இருந்த வழவழப்பைச் சுரண்டி ஒரு புட்டியில் எடுத்துக்கொண்டேன். மறுநாள் அவரும் என்னோடு படகேறி ஆய்வகத்துக்கு வந்தார். இத்தனை வருஷத்தில் அதுதான் முதல் தடவை. நுண்ணோக்கியில் கண்ணை வைத்தவர் வெகுநேரம் கண்ணை எடுக்கவில்லை. அவருடைய டிரம்மில் வாழ்ந்த அமீபா ஒன்று கண்ணாடியில் மெதுவாக நகர்ந்துகொண்டிருந்தது.

"கொள்ளாம்டீ, நல்லாத்தான் இருக்கு," என்றார். பிறகு குரல் இறங்கியது. "இதுக்குள்ள அவன் இருப்பானா?"

"இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம்."



டிரம்மைத் தூக்கி எறிந்துவிட்டு மெஸ்ஸைத் திறந்தோம். கொதித்த தண்ணீரை ஆறவைக்கப் பாத்திரங்கள் போதவில்லை. மத்தியானம் கூட்டம் நெருக்கியடித்த நேரத்தில், ஆஸ்பத்திரியிலிருந்து வந்திருந்த அந்தச் சுக்குக்காரர் சட்டை தொளதொளக்க உள்ளே வந்து வழக்கமான இடத்தில் உட்கார்ந்தார். என் கணவர் இலை போடவில்லை. நேரே போய் அவர் முன்னால் நின்றார்.

"தம்பி, டெஸ்ட்ல ஒண்ணுமில்லன்னு எழுதிருக்கான். ஆனா நான் பச்சவெள்ளம் கலந்துதான் குடுத்தேன், அதுலேந்து ஒனக்கு வந்திருக்கலாம். நீ வேற கடைக்குப் போனா நான் வருத்தப்பட மாட்டேன்."

பக்கத்து மேசைகளில் பேச்சு நின்றது. இனி இந்தக் கடையில் யார் தண்ணீர் குடிப்பார்கள்?

அந்த மனிதர் மேசையில் தம்ளரில் இருந்த சிவப்புத் தண்ணீரைப் பார்த்தார்.

"இப்ப சூடாருக்காண்ணே?"

"தொட முடியாது."

"அப்ப எலையப் போடுங்க."

என் கணவர் இலையைப் போட்டார். இன்னொரு தம்ளரை எடுத்துவந்து, சாயா ஆற்றுவதுபோல அந்தத் தண்ணீரை ஆற்ற ஆரம்பித்தார். எத்தனையோ வருஷமாக ஒரு கிருமியைப் பார்த்து வாய்பிளந்தவள் நான், அன்று இவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். வாசலில் கூட்டம் சத்தம் போட்டது. குடிக்கிற பதம் வரும்வரை அவர் ஆற்றிக்கொண்டே இருந்தார்.