பூட்டின் கனம்

அடி தாங்காமல் வீட்டை விட்டு வந்த பெண்களுக்குத் தங்குமிடம் தேடித் தரும் ஒரு சிறு அமைப்பில் வேலை செய்கிறேன். எங்கள் தொழில்நுட்பப் பணியாளர்கள் அந்த இடங்களுக்கே சென்று, பெண்களின் கைபேசிகளில் கணவர்கள் இரகசியமாகப் போட்டுவைத்த வேவுச் செயலிகளைத் தேடி நீக்குவார்கள். அவர்கள் கொண்டுசெல்லும் மடிக்கணினிக்குள் எந்தப் பெண் எங்கே இருக்கிறாள் என்ற விவரமும் இருக்கும். ஆகவே புதிய கணினிகளைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு என்னிடம் வந்தபோது ஒரு கேள்வியே மற்றவற்றை மறைத்து நின்றது: இது தவறான கையில் சிக்கினால் யாருக்கு என்ன நேரும்?

கடைக்காரர் சோதித்துப் பார்க்க இரண்டைக் கொடுத்திருந்தார். ஒன்று தடித்தது. கைரேகை இல்லாமல் திறக்காது; பிரித்து எடுத்தாலும் உள்ளிருப்பதைப் படிக்க முடியாது; பக்கத்தில் இருப்பவர் எட்டிப் பார்த்தால் திரை வெறும் கருப்பு. மற்றது மெல்லியது, அந்தத் திரை மறைப்பு மட்டும் அதில் இல்லை. நான் தடித்ததன் பக்கம் சாய்ந்திருந்தேன்.

"இது லேப்டாப்பா, ஆட்டுக்கல்லா அக்கா? இதத் தூக்கிட்டு நடந்தா பொறவு என்னையத் தூக்க ஆளு வேணும்," என்றாள் அதைச் சுமக்கவேண்டிய எங்கள் பணியாளர்.

"ஒரு நாளு தூக்கிப் பாரு. பொறவு சொல்லு."

மறுநாள் கொல்லயில் என்ற ஊரில் தங்கியிருந்த ஒரு பெண்ணைப் பார்க்க, நெய்யாற்றின்கரையில் இருவரும் பேருந்து ஏறினோம். நல்ல கூட்டம். நான் முன்பக்கம் ஒதுங்கினேன். அவள் நடுவில், தோளை இழுக்கும் பையோடு, கம்பியை எட்டிப் பிடிக்க முடியாமல் தள்ளாடினாள். இருக்கையிலிருந்து ஒரு கை நீண்டது. நிற்பவரின் பையை உட்கார்ந்திருப்பவர் மடியில் வாங்கிக்கொள்வது எங்கள் பக்கத்துப் பேருந்துகளில் வழக்கம். தர மறுத்தால் அது அவரை அவமதிப்பதாகும். பையை எப்போது திருப்பித் தருவது என்று தெரியவேண்டும் என்பதால், வாங்கியவர் அடுத்துக் கேட்பதும் ஒன்றேதான்.

"நல்ல கனம் உண்டே! எங்கயாக்கும் எறங்கணும், மோளே?"

"கொல்லயிலு, அண்ணா."

அந்தக் குரல் கேட்டுத் திரும்பினேன். போன வாரம் எங்கள் அலுவலக வாசலில் நின்று, தன் மனைவியை எங்கே ஒளித்து வைத்திருக்கிறீர்கள் என்று கத்தியவன். அன்று எங்கள் பணியாளர் வெளியே போயிருந்தாள். அவன் முகத்தை அறியமாட்டாள். நாங்கள் பார்க்கப் போனது அவன் மனைவியைத்தான். இப்போது அவன் எங்கள் பணியாளரின் கழுத்தில் தொங்கிய அலுவலக அடையாள அட்டையை நிதானமாகப் படித்துக்கொண்டிருந்தான்.

கூட்டத்தை விலக்கி அவளருகே போய், "எறங்காதே," என்று மட்டும் சொன்னேன்.

கொல்லயில் வந்தது. "மோளே, உனக்க எடம் வந்தாச்சு," என்று பையை நீட்டினான்.

"நாங்க பாறசாலைக்காக்கும்," என்றேன்.

என்னைப் பார்த்தான், அடையாளம் கண்டுகொண்டான். "அப்பம் இங்க எறங்குறது நானாக்கும்," என்று சிரித்தான். பையின் வாரைக் கவனமாக அவள் தோளில் மாட்டிவிட்டு இறங்கிப் போனான்.

பேருந்திலிருந்தே அந்தப் பெண்ணை அழைத்துக் கதவைப் பூட்டிக்கொள்ளச் சொன்னேன். அவன் வீடு வீடாக விசாரித்து வருவதற்குள், பாறசாலையில் ஆட்டோ பிடித்துத் திரும்பிச் சென்று, அவளையும் குழந்தையையும் பின்வழியாக ஏற்றிக்கொண்டு காரோடு என்ற ஊருக்குப் புறப்பட்டோம். இன்று அவள் அங்கும் இல்லை. ஆகவேதான் ஊரின் பெயரை எழுதுகிறேன்.

கணினியின் பூட்டுகள் எல்லாம் பூட்டியபடியே இருந்தன. உள்ளிருந்து ஓர் எழுத்தும் கசியவில்லை. மெல்லியதைத்தான் வாங்கினோம், துணிப்பையில் போட்டு உடம்போடு அணைத்துக்கொண்டால் அதை யார் மடியிலும் வைக்கவேண்டியதில்லை. அடையாள அட்டைகளும் இப்போது பைக்குள்ளேயே இருக்கின்றன. இது போதும் என்று நான் நம்பவில்லை.

அன்று ஆட்டோவில் அந்தப் பெண் குழந்தையின் தலையைத் தன் முந்தானையால் மூடியிருந்தாள். பேருந்தில் நடந்ததை நான் சொல்லி முடித்ததும் கேட்டாள்:

"அக்கா, காரோட்டுக்கும் பஸ்சு உண்டா?"

"உண்டு," என்றேன்.