பாட மறுத்த ஒரிஜினல் சிடி

என் கணவரின் குரல் முதன்முதலாகக் கடையில் விற்கிற சிடியில் வந்த வருஷம், அதை எங்கள் வீட்டில் யாராலும் கேட்க முடியவில்லை. சிடி உடைந்திருக்கவில்லை, கீறலும் இல்லை. கடையில் புதிதாக வாங்கிய, கம்பெனி முத்திரை ஒட்டிய ஒரிஜினல். பிரச்சினையே அதுதான்.

அவர் தெலுக் பங்லிமா காராங்கில் ஒரு தொழிற்சாலையில் சூப்பர்வைசர். வார இறுதியில் கல்யாண மண்டபங்களில் ஓர் இசைக்குழுவோடு பாடுவார். நான் கிள்ளானில் ஒரு கிளினிக்கில் மருந்து எடுத்துக் கொடுக்கிற வேலையில் இருந்தேன். மண்டபத்தில் அவர் பாடியதைக் கேட்ட ஒரு கம்பெனிக்காரர், உள்ளூர்ப் பாடகர்களை வைத்து எட்டுப் பாட்டோடு ஒரு சிடி போடப்போவதாகச் சொல்லி அவரையும் கூப்பிட்டார். எட்டாவது, கடைசிப் பாட்டு இவருடையது. மூன்று சனிக்கிழமை ஃபிளாஸ்க்கில் வெந்நீரை எடுத்துக்கொண்டு ஒலிப்பதிவுக்குப் போய்விட்டு வந்தார். அந்த மாதம் முழுக்க வீட்டில் ஐஸ் தண்ணீர் கிடையாது. பாவம், என் மகளுக்கும் கிடையாது.

சிடி வெளியானபோது பாடினவர்களுக்கு கம்பெனி ஒரு பிரதிகூடக் கொடுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை பிரிக்பீல்ட்ஸில் ஒரு பாட்டுக் கடைக்குப் போய் நாங்களே வாங்கினோம். உறையின் பின்பக்கம் எட்டாவது வரியில் அவர் பெயர். வீடு வரைக்கும் பொறுக்க முடியாமல், கடைக்கு எதிரே நிறுத்தியிருந்த காரிலேயே போட்டோம். பிளேயர் அதை உள்ளே இழுத்தது, கர்கர் என்று சுற்றியது, வெளியே தள்ளியது. அவர் சட்டை நுனியால் துடைத்து மறுபடி போட்டார். மறுபடியும் தள்ளியது.

"பிளேயர் போச்சு போல," என்றார்.

பழைய சிடி ஒன்றைப் போட்டுப் பார்த்தோம். கணீரென்று பாடியது. அப்போதுதான் நான் உறையைத் திருப்பிப் பார்த்தேன். கீழே ஒரு மூலையில், மருந்துப் பெட்டியில்கூட இவ்வளவு சின்னதாக அச்சடிக்க மாட்டார்கள், ஆங்கிலத்தில் இரண்டு வரி. இந்த சிடியை நகல் எடுக்க முடியாது, சில கார் பிளேயர்களிலும் கம்ப்யூட்டர்களிலும் இது ஒலிக்காமல் போகலாம்.

கடைக்குத் திரும்பிப் போனேன். கடைக்காரர் கையை விரித்தார்.

"பிளாஸ்டிக் பிரிச்சிட்டீங்களே அக்கா. பிரிச்சா திருப்பி எடுக்க முடியாது."

"பிரிக்காம எப்படிண்ணே போட்டுப் பாக்கறது?"

"அதுவும் சரிதான் லா. ஆனா கம்பெனி ரூல் அப்படி. வீட்டு செட்ல பாடும், போட்டுப் பாருங்க."

எங்கள் வீட்டு ரேடியோ செட்டில் கேசட் பக்கம் மட்டும்தான் வேலை செய்யும். மிச்சம் இருந்தது கம்ப்யூட்டர். அதில் போட்டதும் ஒரு பெட்டி திறந்தது. ஆங்கிலத்தில் பக்கம் பக்கமாக நிபந்தனைகள்; கடைசியில் 'ஒத்துக்கொள்கிறேன்' என்று ஒரு பொத்தான். அதை அமுக்காவிட்டால் பாட்டு இல்லை. அமுக்கினேன். அவர்களுடைய பிளேயர் ஒன்று தானாக வந்து உட்கார்ந்துகொண்டது; எட்டாவது பாட்டைத் தட்டியதும் பாடியது. தொலைபேசியில் யாரோ பாடிக் காட்டுவது மாதிரி ஒரு ஒல்லிக் குரல். பல்லவி முடிந்து சரணம் தொடங்கும்போது திரை அப்படியே உறைந்துபோனது.

மறுநாள் காலையில் பார்த்தால் கம்ப்யூட்டருக்குத் தன்னிடம் சிடி டிரைவ் இருப்பதே மறந்துவிட்டிருந்தது. எந்த சிடியைப் போட்டாலும் அசைவில்லை. கம்ப்யூட்டர் கடைக்காரர், அந்தப் பாட்டு சிடி உள்ளே எதையோ போட்டுவிட்டுப் போயிருக்கிறது, எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாக ஏற்றினால்தான் சரிவரும் என்றார். அதிலிருந்த படங்களை எடுத்து வைத்துவிட்டுச் செய்யுங்கள் என்று மூன்று தடவை சொல்லிவிட்டு வந்தேன். எடுத்து வைத்தார்தான். ஆனால் மகள் பாலர் பள்ளிக்குப் போன முதல் நாள் எடுத்த படங்கள் மட்டும் எப்படியோ அதில் வரவில்லை. ஒரு பாட்டைக் கேட்க ஆசைப்பட்டதற்கு இந்தத் தண்டனையா!

கம்பெனிக்குப் போன் போட்டேன். ஒரு பெண் எடுத்தாள்.

"மேடம், உங்க பிளேயர் என்ன மாடல்?"

சொன்னேன்.

"அது எங்க லிஸ்ட்ல இல்ல மேடம். சிடி ஓகே. உங்க பிளேயர்தான் சரியில்ல."

"அதுல மத்த எல்லா சிடியும் பாடுதும்மா."

"மத்த சிடியப் பத்தி எனக்குத் தெரியாது மேடம். இது பைரசிய தடுக்க. ஆர்ட்டிஸ்டுக்கு நல்லதுக்குத்தான்."

"அந்த ஆர்ட்டிஸ்ட் இங்கதான் என் பக்கத்துல நிக்கறாரு. அவராலயே கேக்க முடியல."

அவள் என் பெயரையும் நம்பரையும் கேட்டு எழுதிக்கொண்டாள். பிறகு, "நான் பாஸ்கிட்ட சொல்றேன் மேடம்" என்று வைத்துவிட்டாள்.

தீபாவளிக்கு செமினியில் என் நாத்தனார் வீட்டுக்குப் போனோம். சொந்தக்காரர்கள் எல்லாரும் கூடியிருந்தார்கள். தம்பி பாட்டைக் கேட்கலாம் என்று நாத்தனாரே எல்லாரையும் ஹாலுக்குக் கூப்பிட்டு உட்கார வைத்தார். டிவிடி பிளேயரில் போட்டோம். திரையில் 'டிஸ்க் இல்லை' என்று வந்தது. எடுத்துவிட்டு மறுபடி போட்டோம். டிஸ்க் இல்லை. கையில் தட்டோடு இருபது பேர் அதையே பார்த்துக்கொண்டு இருந்தார்கள்.

"நெசமாவே பாடுனியா, இல்ல பேரு மட்டும் போட்டாங்களா?" என்று ஒரு மச்சான் கேட்டார். எல்லாரும் சிரித்தார்கள்.

இவரும் சிரித்துவிட்டு, "சரி, நேராவே பாடிர்றேன்" என்று எழுந்து நின்றார். இரண்டு வரி பாடினார். பிறகு, "மியூசிக் இல்லாம நல்லா இல்ல" என்று உட்கார்ந்துவிட்டார். அன்றைக்கு அந்தக் கம்பெனிக்காரர் மட்டும் என் எதிரில் வந்திருந்தால் என்ன செய்திருப்பேனோ தெரியாது.

கிளினிக்கில் என்னோடு வேலை செய்த நர்ஸ்தான் ஒரு வழி சொன்னாள்.

"அக்கா, இன்டர்நெட்ல போட்டிருக்கான். சிடி ஓரத்துல சுத்தி மார்க்கர்ல கோடு போட்டா, காப்பி எடுக்க விடாம தடுக்கற பூட்டு வேலை செய்யாதாம். அந்தப் பூட்டு வெளி ஓரத்துலதான் இருக்காம்."

எனக்கு நம்பிக்கை இல்லை. ஆனாலும் மருந்து உறைமேல் எழுதுகிற கறுப்பு மார்க்கரை எடுத்து, மதிய உணவு நேரத்தில் ஒரு சுற்று போட்டேன். போதாது என்று தோன்றியது. இன்னொரு சுற்று, கொஞ்சம் உள்ளே தள்ளி. மாலையில் அவர் என்னைக் கூட்டிப்போக வந்ததும் காரில் போட்டேன்.

பாடியது! முதல் பாட்டு அப்படி ஒரு தெளிவு. நான் கைதட்டினேன். அவர் ஓரமாகக் காரை நிறுத்தி ஒவ்வொரு பாட்டாகத் தள்ளிக்கொண்டே போனார். இரண்டு, மூன்று, ஏழு வரைக்கும் எல்லாம் பாடின. எட்டாவது வந்ததும் டிக், டிக், டிக். அப்புறம் அமைதி.

சிடியில் பாட்டு உள்ளேயிருந்து வெளியே போகும், கடைசிப் பாட்டு வெளி ஓரத்தில் இருக்கும் என்பது எனக்கு அப்புறம்தான் தெரிந்தது. என் இரண்டாவது கோடு பூட்டையும் தாண்டிப் பாட்டு மேலேயே விழுந்திருக்கிறது. கிளினிக் ஸ்பிரிட்டைத் தொட்டுத் துடைத்தேன். மை கலங்கிப் பரவி, மிச்சம் ஏழு பாட்டும் போயின.

"எட்டுப் பாட்டுல சரியா ஒண்ணத் தேடிப் புடிச்சு அழிச்சிருக்க," என்று எட்டாவது பாட்டு நின்றபோதே அவர் சொல்லியிருந்தார். கோபமாகச் சொன்னாரா, வேடிக்கையாகச் சொன்னாரா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை.

இரண்டு வாரம் கழித்து, எங்கள் வட்டாரத்து இரவுச் சந்தையான பாசார் மாலாமில் காய்கறி வாங்கிக்கொண்டிருந்தோம். ஏழு மணி, வெளிச்சம் இன்னும் போகவில்லை. திடீரென்று அவர் நின்றுவிட்டார். அப்பம் பாலிக் பலகாரம் சுடுகிற தள்ளுவண்டிக்கு அந்தப் பக்கம் ஒரு மேசைமேல் ஸ்பீக்கர். அதிலிருந்து அவர் குரல். முழுசாக, நிறைவாக, இசையோடு. சரணமும் முடிந்து கடைசிப் பல்லவி போய்க்கொண்டிருந்தது. நாங்கள் அந்தப் பாட்டை முதன்முதலாகத் தெளிவாகக் கேட்டது அங்கேதான், கையில் கீரைக்கட்டோடு.

மேசைக்குப் பின்னால் என் வயசு இருக்கும் ஓர் ஆள் நின்றிருந்தார்.

"அண்ணே, இது எந்த சிடி?" என்று கேட்டேன்.

"லோக்கல் பாட்டுக்கா. ஒரே சிடில நூத்தம்பது பாட்டு. கார், ரேடியோ, டிவிடி, எதுல போட்டாலும் பாடும் லா."

"இதோட ஒரிஜினல் இருக்கா?"

"ஐயோ, அத வாங்காதீங்க அக்கா. அது பாடாது. வாங்குனவங்க எல்லாம் எங்கிட்டதான் வந்து பொலம்பறாங்க."

"காப்பி பண்ண முடியாதுன்னு போட்டிருக்கே, நீங்க எப்படிப் பண்ணீங்க?"

"அதுவா? அஞ்சு நிமிஷ வேலை."

அஞ்சு நிமிஷம். எங்கள் கம்ப்யூட்டரைக் கெடுத்து, செமினியில் மானத்தை வாங்கி, இரண்டு மாதமாக என்னை அலைய வைத்த அந்தப் பூட்டு, யாரைத் தடுக்கப் போட்டார்களோ அவரிடம் அஞ்சு நிமிஷம் தாங்கியிருக்கிறது. வாங்கினவர்களை மட்டும்தான் அது தடுத்தது. எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன.

"இந்தப் பாட்டப் பாடுனது இவருதான்," என்றேன்.

அந்த ஆள் இவரை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு ஒரு சிடியை எடுத்து நீட்டினார். "அப்படியா! அப்ப அண்ணனுக்கு இது ஃப்ரீ. எடுத்துக்குங்க அண்ணே."

என் கணவர் கையை நீட்டவில்லை. விடுவிடுவென்று காரை நோக்கி நடந்துவிட்டார். நான் வாங்கி கீரைக்கு அடியில் வைத்துக்கொண்டேன்.

"திருட்டு சிடிய எதுக்கு வாங்குன?" என்று காரில் கேட்டார்.

"வாங்கல. குடுத்தாரு. உங்க கம்பெனி குடுத்துச்சா?"

அவர் காரை எடுத்தார். மூன்று நாள் அந்த சிடி காரிலேயே கிடந்தது. நாலாவது நாள் டெங்கில் பக்கம் ஒரு கல்யாணத்தில் பாடப் போகும்போது, அவரே கையை நீட்டி அதைப் பிளேயரில் தள்ளினார். நூறு பாட்டுக்கும் மேல் தாண்டித்தாண்டித் தன் பாட்டைப் பிடித்தார். இரண்டு தடவை கேட்டார்.

"சரணத்துல ஒரு எடத்துல மூச்சு வாங்குது பாரு. இன்னொரு டேக் போயிருக்கலாம்," என்றார். அவ்வளவுதான். அந்த ஒரு குறையைச் சொல்வதற்கு அவருக்கு இரண்டு மாதம் ஆகியிருந்தது.

அடுத்த வருஷம் கம்பெனிக்காரர் வீட்டுக்கே வந்தார், இரண்டாவது சிடிக்கு. தேநீர் கொடுத்துவிட்டு நானும் உட்கார்ந்துகொண்டேன். இவர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"இந்தத் தடவையும் பூட்டு போடுவீங்களா?"

"அதெல்லாம் நிறுத்தியாச்சு பிரதர். கஸ்டமர் கம்ப்ளெய்ன் ஜாஸ்தி," என்றார் அவர், சாதாரணமாக, பிஸ்கட்டைத் தேநீரில் முக்கிக்கொண்டே.

"எங்க கம்ப்யூட்டர் போச்சு, என் பொண்ணு படம் போச்சு. அதுக்கு யாரு பதில் சொல்றது?" என்று கேட்டேன்.

"அப்ப டெக்னாலஜி அப்படி, சிஸ்டர்."

இவர் என்னைப் பார்த்தார். வேண்டாம் என்று சொல்லுங்கள் என்று கண்ணாலேயே சொன்னேன். அவருக்கும் புரிந்தது. ஆனால் பாட வேண்டும் என்கிற ஆசையும் அந்த முகத்தில் அப்பட்டமாகத் தெரிந்தது. ஒத்துக்கொண்டார். ஆனால், பாடினவர்களுக்கு ஆளுக்கு ஐந்து பிரதி கொடுப்பதாக அந்த ஆளின் கையாலேயே எழுதி வாங்கின பிறகுதான் நான் எழுந்து தேநீர்க் கோப்பைகளை எடுத்தேன்.